கார் ஆலைத் தகராறுகள்: லைன் வேகம், கான்ட்ராக்ட் கணக்கு, சங்கப் பதிவு (விவாத இழை)

இரண்டாம்ஷிஃப்ட்:

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் வட்டாரத்தில் எந்த ஆலையில் வேலை நின்றாலும் "ஊதிய உயர்வு கேட்டுப் போராட்டம்" என்று ஒரே வரியில் செய்தியை முடித்துவிடுகிறார்கள். நடந்தவற்றை வரிசையாக எடுத்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயில் 2009, 2010-இல் எழுந்த பிரச்சினை சங்க அங்கீகாரமும் வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களைத் திரும்ப எடுப்பதும். 2018-இல் ஒரகடம் யமஹாவில் 50 நாளுக்கும் மேல் வேலை நின்றது. சங்கம் வைத்த இரண்டு பேரை நீக்கியதுதான் தொடக்கம். 2021 மே மாதம் ரெனோ-நிசானில் கேட்டது கார்களுக்கு நடுவே இடைவெளி. 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங்கில் 37 நாள் நின்றது, முதன்மைக் காரணம் சங்கப் பதிவு. (யமஹா பைக், சாம்சங் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும், ஆனாலும் ஒரே பெல்ட், ஒரே வகை நிர்வாகம், ஒரே வகை ஆட்கள்.) 2011-இல் ஹரியானா மானேசரில் மாருதியிலும் முதல் உள்ளிருப்பு சங்கப் பதிவுக்காகத்தான்.

சம்பளம் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. வேலை வேகத்தைப் பற்றியும் ஆள் எண்ணிக்கையைப் பற்றியும் பேச ஒரு மேசை இல்லாத இடத்தில்தான் எல்லாமே வெடிக்கிறது என்பது என் வாதம். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்: லைன் வேகத்தை எப்படிக் கணக்குப் போடுவது? கான்ட்ராக்ட், டிரெய்னி ஆட்களின் நிலை என்ன? கையில் என்ன ஆவணம் இருக்க வேண்டும்?

லைன்பேலன்ஸ்:

வேகத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கணக்கு தெரியாமல் பேச்சுவார்த்தைக்குப் போனால் எதிரே இருக்கும் இண்டஸ்ட்ரியல் எஞ்சினியர் நாலு ஸ்லைடு காட்டி அனுப்பிவிடுவார்.

ஷிஃப்ட் எட்டரை மணி நேரம் என்று வையுங்கள், 510 நிமிடம். சாப்பாடு 30, டீ 10-10, தொடக்கக் கூட்டமும் கடைசியில் இடத்தைச் சுத்தம் செய்வதும் சேர்த்து 10. மிச்சம் 450 நிமிடம், அதாவது 27,000 நொடி. ஒரு ஷிஃப்டுக்கு 450 கார் திட்டம் என்றால் ஒரு காருக்கு 60 நொடி. இதுதான் டாக்ட் டைம். திட்டம் 500 ஆனால் 54 நொடி. வெறும் 6 நொடிதானே என்று தோன்றும்.

இப்போது டிரிம் லைனில் (காரின் உள்பாகங்களைப் பொருத்தும் வரிசை) 100 ஸ்டேஷன், ஸ்டேஷனுக்கு ஒரு ஆள், ஒவ்வொருவருக்கும் சராசரி 56 நொடி வேலை என்று வைத்துக்கொள்வோம். மொத்த வேலை 5,600 நொடி. 60 நொடி டாக்டில் ஆளின் சுமை 93 சதவீதம். டாக்டை 54 ஆக்கினால் அதே 56 நொடி வேலை 104 சதவீதமாகிறது. மனிதனால் முடியாத கணக்கு. பழைய 93 சதவீதத்தையே வைக்க வேண்டுமானால் ஒருவருக்கு 50.4 நொடிக்கு மேல் வேலை தரக்கூடாது. 5,600-ஐ 50.4-ஆல் வகுத்தால் 111. ஆக 11 ஆள் கூட வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: "500 கார் என்று திட்டம் போட்ட அன்றைக்கு அந்த 11 பேர் எந்த ஸ்டேஷனில் நிற்கிறார்கள்?" காகிதத்தில் 11 பேர் இருப்பார்கள். லைனில் 4 பேர் வந்திருப்பார்கள், அதிலும் 3 பேர் போன வாரம் சேர்ந்த டிரெய்னிகள்.

கன்வேயர்:

மேலே சொன்ன 56 நொடி சராசரிதான், அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒரே லைனில் அடிப்படை மாடலும் சன்ரூஃப் வைத்த உயர் மாடலும் கலந்து வருகின்றன. ஹெட்லைனர், ஒயரிங் ஹார்னஸ் வேலை செய்கிறவருக்கு அடிப்படை மாடலில் 50 நொடி, உயர் மாடலில் 66 நொடி என்று ஆகும். மாறி மாறி வந்தால் சமாளிக்கலாம். உயர் மாடல் மூன்று தொடர்ந்து வந்தால் 60 நொடி டாக்டிலேயே 18 நொடி பின்தங்கி, அடுத்த ஸ்டேஷன் எல்லைக்குள் நடந்துகொண்டே வேலை செய்வார். அங்கே ஏற்கெனவே இன்னொருவர் இருப்பார். இரண்டு பேர் ஒரே கதவு வழியாக உள்ளே குனிந்து வேலை செய்ய வேண்டிவரும். பாதி ஏறிய கிளிப், முழு டார்க் (முறுக்கு) வாங்காத போல்ட், கீறல் விழுந்த டிரிம் எல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில் பிறக்கின்றன. பிறகு "ஆபரேட்டர் தவறு" என்று மெமோ வரும்.

அதனால் டாக்ட் மட்டும் கேட்டால் போதாது. உயர் மாடல் எத்தனை தொடர்ந்து வரலாம் என்ற வரிசை விதியையும் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலான ஆலைகளில் அந்த விதி பிளானிங் சிஸ்டத்தில் இருக்கும். பெயின்ட் ஷாப்பில் ரிஜெக்ஷன் கூடினால் வரிசை குலைந்துவிடும், யாரும் அதை லைனுக்குச் சொல்வதில்லை.

இன்னொன்று ரிலீஃப், அதாவது மாற்று ஆள். 8 அல்லது 10 பேருக்கு ஒரு டீம் லீடர், அவர்தான் ரிலீஃப் ஆளும். இரண்டு பேர் வராத அன்று டீம் லீடரே ஒரு ஸ்டேஷனில் நின்றுவிடுவார். அன்றைக்கு அந்த டீமில் யாருக்கும் கழிவறை போக வழி கிடையாது. லைனை நிறுத்தும் ஆண்டான் கயிற்றை இழுக்கலாம்தான். லைன் நின்றால் அத்தனை நிமிடமும் அந்த டீம் பெயரில் போர்டில் ஏறும் என்பதால் யாரும் இழுப்பதில்லை. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். கல்லடைப்பு, சிறுநீர்த் தொற்று ஏன் வருகிறது என்று ஆலை மருத்துவரிடம் விசாரிக்க வேண்டியதே இல்லை, வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் போதும்.

மானேசரில் 2011-இல் வெளியே வந்த புகார்களில் எல்லோருக்கும் நினைவிருப்பது இதுதான்: சாப்பாட்டுக்கு 30 நிமிடம், டீக்கு 7 நிமிடம் இரண்டு முறை. அந்த 7 நிமிடத்துக்குள் லைனிலிருந்து நடந்து போய், வரிசையில் நின்று டீ வாங்கி, கழிவறை போய், திரும்பி வர வேண்டும்.

வல்லக்கோட்டை:

ஒரு பக்கமாகவே போகிறது. ஆளைக் கூட்டுவது மட்டும்தான் வழியா? 54 நொடிக்குப் போவதற்கு நியாயமான முறைகள் இருக்கின்றன. டாஷ்போர்டு, கதவு, முன்பக்க மாட்யூல் எல்லாவற்றையும் துணை லைனில் தனியாகக் கோர்த்து முழுதாகக் கொண்டுவந்தால் மெயின் லைன் வேலை குறையும். பாகங்களைக் காருக்கு ஒரு தட்டு என்று கிட் செய்து கொடுத்தால் ரேக்குக்கு நடக்கும் 4, 5 நொடி மிச்சம். சீட், வீல் ஏற்ற அசிஸ்ட் வைத்தால் தோளுக்கும் நல்லது, நொடியும் குறையும். ஒவ்வொரு வேக உயர்வையும் சுரண்டல் என்று சொன்னால் அடுத்த மாடல் குஜராத்துக்கோ வேறெங்கோ போய்விடும். அதையும் தொழிலாளிதான் சுமக்க வேண்டும்.

லைன்பேலன்ஸ்:

வல்லக்கோட்டை சார், நீங்கள் சொன்ன மூன்றும் சரியான முறைகள்தான். அசிஸ்ட், கிட்டிங் இரண்டையும் சங்கமே கோரிக்கையில் வைக்க வேண்டும். ஆனால் துணை லைனுக்குப் போன வேலை காற்றில் கரைவதில்லை. டாஷ்போர்டு கோர்க்கும் வேலை மெயின் லைனில் பெர்மனென்ட் ஆள் செய்தது. மாட்யூலாக மாறியதும் 3 கிலோமீட்டர் தள்ளி சப்ளையர் ஷெட்டில், பாதிக்கும் குறைவான சம்பளத்தில் ஒரு கான்ட்ராக்ட் ஆள் செய்கிறார். கார் கம்பெனிக் கணக்கில் "ஒரு காருக்கான ஆள்-மணி" அழகாகக் குறைந்திருக்கும். மொத்த வேலை அதேதான்.

ரெனோ-நிசான் இடைவெளி விஷயத்தையும் இந்தக் கணக்கிலேயே பார்க்கலாம். 2021 மே, கொரோனா இரண்டாம் அலை. மூன்று காருக்கு ஒரு காலி இடம் விட வேண்டும் என்று சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. மே கடைசி வாரம் ஆலை சில நாள் மூடப்பட்டது. அதே வாரம் ஹூண்டாயும் உள்ளிருப்புக்குப் பிறகு மூடியது. நீதிமன்றம் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரியை நேரில் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. நாலு இடத்தில் மூன்று கார் என்றால் உற்பத்தி 75 சதவீதம், மணிக்கு 60 கார் வரும் இடத்தில் 45. அதனால்தான் இழுபறி. இதில் கவனிக்க வேண்டியது, முக்கியச் சண்டை மாஸ்க், சானிடைசர் பற்றியதல்ல, இடைவெளி பற்றியது. காலி இடம் இருந்தால் பின்தங்கிய ஆள் அந்த இடத்துக்குள் முடித்துக்கொள்வார், அடுத்தவர் மேல் உரச வேண்டியதில்லை. கன்வேயர் மேலே எழுதிய மோதல்தான் தொற்றுக் காலத்தில் உயிர் பயமாக மாறியது.

இரண்டாம்ஷிஃப்ட்:

கான்ட்ராக்ட் பக்கம் வருவோம். ஐந்தாறு வருஷம் ஒரே லைனில் நின்றும் ஐ.டி. கார்டில் கான்ட்ராக்டர் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. இவர்களுக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது? லேபர்கோர்ட் சார் எழுதினால் நன்றாக இருக்கும்.

லேபர்கோர்ட்:

தமிழ்நாட்டுக்கென்று ஒரு நல்ல சட்டம் இருக்கிறது, கையாளுபவர்கள்தான் குறைவு: 1981-ஆம் ஆண்டு தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ச்சியாக வேலை செய்தவர் நிரந்தரம். மாதம் 26 நாள் என்று போட்டால் பதினெட்டரை மாதம். வேலைக் காயத்தால் வராத நாள், சம்பளத்தோடு எடுத்த விடுப்பு, லே-ஆஃப் (வேலை தராமல் நிறுத்திவைத்த) நாள் எல்லாம் இந்த 480-இல் சேரும். இதை விட்டுவிட்டு வெறும் பஞ்ச் (வருகைப் பதிவு) நாளை மட்டும் எண்ணி "உனக்கு 461தான்" என்று சொல்வது வழக்கம்.

மனுவைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அதிகாரியிடம் இந்தச் சட்டத்தின் கீழ் ஆய்வாளர் என்ற முறையில் கொடுக்க வேண்டும். தோற்பது பெரும்பாலும் ஆவணத்தில். கம்பெனி சொல்லும் முதல் பதில், "இவர் எங்கள் ஆளே இல்லை, கான்ட்ராக்டர் ஆள்." அதை உடைக்க வேலையை யார் வாங்கினார்கள் என்று காட்ட வேண்டும். ஷிஃப்ட் ரோஸ்டரில் கம்பெனி சூப்பர்வைசர் கையெழுத்து, ஸ்டேஷன் ஸ்கில் மேட்ரிக்ஸில் பெயர், கம்பெனி கொடுத்த டிரெயினிங் சான்று, டார்க் செக்‌ஷீட்டில் போட்ட கையெழுத்து, கம்பெனி பஸ் பாஸ். ஒரே ஸ்டேஷனில் பெர்மனென்ட் ஆளும் கான்ட்ராக்ட் ஆளும் ஷிஃப்ட் மாற்றி மாற்றி நிற்கிறார்கள் என்பதைக் காட்டும் ரோஸ்டர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நாள் கணக்குக்கு இ.எஸ்.ஐ. பங்களிப்பு விவரமும் பி.எஃப். பாஸ்புக்கும் போதும். கான்ட்ராக்டர் மாறினாலும் யூ.ஏ.என். எண் (பி.எஃப். பொதுக் கணக்கு எண்) ஒன்றுதான். பாஸ்புக்கில் நிறுவனப் பெயர் மாறும், மாதம் விடுபடாமல் தொடரும். சில கான்ட்ராக்டர்கள் புது யூ.ஏ.என். எடுத்துவிடுவார்கள், அது தற்செயல் என்று நம்ப வேண்டாம். சேர்ந்த வாரமே பழைய எண்ணை எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

1970-ஆம் ஆண்டு கான்ட்ராக்ட் தொழிலாளர் சட்டத்தை மட்டும் நம்பிப் போனவர்களுக்கு 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது. கான்ட்ராக்ட் முறையைத் தடை செய்தாலும் ஆட்கள் தானாக முதன்மை முதலாளியின் ஆட்களாக மாட்டார்கள் என்பது தீர்ப்பு. கான்ட்ராக்ட் வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால் மட்டுமே வழி. சம்பளப் பாக்கியில் மட்டும் சட்டம் தெளிவு: கான்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளி கொடுத்தாக வேண்டும்.

ஒரகடம்_டிரெய்னி:

சார், அப்ரென்டிஸுக்கு இந்த 480 நாள் பொருந்துமா? எங்கள் பகுதி ஆலைகளில் லைனில் பாதிக்கு மேல் டிரெய்னி, அப்ரென்டிஸ்தான்.

லேபர்கோர்ட்:

தம்பி, 1961 அப்ரென்டிஸ் சட்டப்படி முறையாகப் பதிவான ஒப்பந்தம் இருந்தால் நேரடியாகப் பொருத்துவது கடினம். ஆகவே முதலில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். பதிவு எண் இல்லாமல் "டிரெய்னி" என்று கடிதம் மட்டும் இருந்தால் அது வேறு கதை, அங்கே வாதாட இடம் உண்டு. அடுத்து, பயிற்சி உண்மையிலேயே நடந்ததா? வகுப்பு எத்தனை நாள், டிரேடு மாற்றினார்களா, தேர்வு வைத்தார்களா, அல்லது முதல் வாரத்திலிருந்தே இரவு ஷிஃப்டில் தனியாக ஸ்டேஷனில் நிறுத்தி ஓ.டி.யும் வாங்கினார்களா? பயிற்சியாளருக்கு ஓ.டி. போட்ட ஒரு தாள் பல பக்க வாதத்தைவிடப் பலமானது. தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ. 2013-இல் கொண்டுவந்த நீம் என்ற பயிற்சித் திட்டத்தில் மூன்று வருஷம் வரை டிரெய்னியாகவே வைத்திருக்க முடிந்தது. அந்தத் திட்டம் பிறகு நின்றது. அதே ஆட்கள் வேறு பெயரில் தொடர்ந்தார்கள்.

டை_செட்டர்:

கார் கம்பெனிக்குள் விபத்தில் கை போவது குறைவு. கை போவது அவர்களுக்குப் பாகம் அடித்துத் தரும் சின்ன ஷெட்டுகளில். அதையும் இந்த இழையில் பேசாவிட்டால் பாதிதான் பேசியதாகும்.

50 டன், 100 டன் பவர் பிரெஸ். பழைய மெஷின்களில் பெரும்பாலும் பின் கிளட்ச் அல்லது கீ கிளட்ச். இதன் குணம், ஒருமுறை பிடித்தால் ஒரு சுற்று முடியும்வரை நடுவில் நிறுத்தவே முடியாது. ஆடிட்டுக்காக இந்த மெஷினில் லைட் கர்ட்டன் (கை குறுக்கே போனால் உணரும் ஒளித்திரை) மாட்டுகிறார்கள். கை உள்ளே போனதும் கர்ட்டன் சிக்னல் கொடுக்கும், ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பகுதி) இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பின் கிளட்ச் மெஷினுக்கு லைட் கர்ட்டன் பாதுகாப்பே இல்லை. நிலையான கூண்டு அல்லது கதவு மூடினால்தான் ஸ்ட்ரோக் வரும் கேட் கார்டு வேண்டும். கையால் பாகம் வைப்பதை நிறுத்தி ஃபீடர், சறுக்குத் தட்டு, காந்தக் கைப்பிடி வைக்க வேண்டும்.

நியூமேட்டிக் ஃபிரிக்ஷன் கிளட்ச் மெஷினில் லைட் கர்ட்டன் வேலை செய்யும், தூரம் சரியாக இருந்தால். கணக்கு எளிது: மெஷின் நிற்க எடுக்கும் நேரத்தை நொடிக்கு 2,000 மில்லிமீட்டர் என்ற கை வேகத்தால் பெருக்குங்கள். 0.15 நொடியில் நிற்கும் மெஷினுக்கு 300 மில்லிமீட்டர் தள்ளிக் கர்ட்டன் இருக்க வேண்டும். அதுவும் 14 மில்லிமீட்டர் ரெசல்யூஷன் உள்ள கர்ட்டனுக்கு. கதிர் இடைவெளி கூடினால் தூரமும் கூடும். பிரேக் லைனிங் தேயத் தேய நிற்கும் நேரம் 0.2, 0.25 ஆகும், கர்ட்டன் பழைய இடத்திலேயே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது நிற்கும் நேரத்தை அளந்து மெஷின் மேல் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அளக்கவே இல்லையென்றால் அந்தக் கர்ட்டன் சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரிதான்.

டபுள் ஸ்ட்ரோக் ஆவது இன்னொரு பெரிய காரணம். பெடல் ஒருமுறை மிதித்தால் ராம் இரண்டு முறை இறங்குவது. கீ தேய்ந்திருக்கும், அதன் ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது பிரேக் தளர்ந்து ராம் மேலே நிற்காமல் நழுவியிருக்கும். விபத்துக்கு முன்பே அறிகுறி தெரியும்: ராம் உச்சியில் நிற்காமல் கொஞ்சம் தாண்டி நிற்கும், நிற்கும்போது சத்தம் மாறும். அந்த அறிகுறி வந்த மெஷினை உடனே பூட்டிச் சீட்டு மாட்ட வேண்டும். இரண்டு கை பட்டனில் ஒன்றை நாணயம் வைத்தோ கயிறு கட்டியோ அமுக்கி வைப்பதைத் தொழிலாளியின் ஒழுங்கீனம் என்று எழுதுவார்கள். ஒரு மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட்டை இரண்டு கை பட்டனோடு எட்டவே முடியாது என்பதைப் பக்கத்தில் யாரும் எழுதுவதில்லை.

இ.எஸ்.ஐ. பற்றி ஒன்று. வேலைக் காயத்துக்கு இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, முதல் நாளே காயம் பட்டாலும் பலன் உண்டு. தற்காலிக ஊனப் பலன் சம்பளத்தில் 90 சதவீதம். அதனால் வெறும் காய்ச்சல் என்று எழுதி நோய்ப் பலனில் தள்ளினால் 70 சதவீதத்தோடு முடிந்துவிடும், நிரந்தர ஊனத்துக்கான மருத்துவக் குழுவும் கிடைக்காது. விபத்து அறிக்கை போனதா, அதில் இடம், நேரம், மெஷின் எண் சரியாக இருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். "வீட்டில் கதவில் நசுங்கியது" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடக்கூடாது, எவ்வளவு மிரட்டினாலும்.

கன்வேயர்:

டை_செட்டர் தோழர் எழுதியதைப் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு ஷெட்டிலும் ஒட்டலாம்.

சுங்குவார்சத்திரம்:

சங்கப் பதிவு பற்றி யாரும் தொடவில்லை. சட்டப்படி 7 பேர் கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் 2001 திருத்தத்துக்குப் பிறகு ஆலை ஆட்களில் 10 சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் சின்னச் சின்னக் காரணத்தில்: உறுப்பினர் பட்டியலில் வயது, முகவரி, செய்யும் வேலை விடுபட்டிருக்கும், பொதுக்குழுத் தீர்மானத்தில் தேதி ஒன்று, விதிப் புத்தகத்தில் தேதி வேறாக இருக்கும். 100-க்கு 100 பேர் மட்டும் வைத்து விண்ணப்பிக்காதீர்கள். விசாரணைக்குள் 20 பேரை அழைத்துப் பேசி விலகல் கடிதம் வாங்கிவிடுவார்கள்.

சாம்சங்கில் புதுத் தடை வந்தது. சங்கத்தின் பெயரில் கம்பெனி பெயர் வரக்கூடாது என்று ஆட்சேபம். 2024 செப்டம்பர் 9 தொடங்கி அக்டோபர் 15 வரை வேலை நின்றும் பதிவு வரவில்லை. உயர் நீதிமன்றம் கெடு வைத்த பிறகுதான் 2025 ஜனவரியில் பதிவானது. நடுவில் அக்டோபர் முதல் வாரத்தில் நிர்வாகம் "தொழிலாளர் கமிட்டி" ஒன்றோடு ஒப்பந்தம் போட்டு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. போராடிய பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. பணம் வந்தும் ஏன் திரும்பவில்லை என்று வெளியே இருந்தவர்கள் கேட்டார்கள். பணத்தை யாரிடம் பேசிக் கொடுத்தார்கள் என்பதுதான் அங்கே பிரச்சினை.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு என்பதையும் புதுச் சங்கங்கள் தாமதமாகத்தான் உணர்கின்றன. பதிவு கிடைத்ததால் மட்டும் நிர்வாகம் மேசைக்கு வர வேண்டும் என்று 2025 நவம்பருக்கு முந்தைய பழைய சட்டத்தில் கட்டாயம் இருக்கவில்லை.

லேபர்கோர்ட்:

சுங்குவார்சத்திரம் சொன்ன கமிட்டி ஒப்பந்தத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சேர்க்கிறேன். 2025 நவம்பர் வரை இருந்த 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் 18(1) ஒப்பந்தம் என்றால் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் கட்டியது. சமரச அலுவலர் முன் 12(3)-இன் கீழ் போட்டால் ஆலையில் இருக்கும் எல்லோரையும், நாளை சேரப் போகிறவரையும் கட்டியது. ஆகவே சிறுபான்மைச் சங்கத்தோடு சமரச ஒப்பந்தம் போடப்படும் வாசனை வந்தால் சமரச அலுவலருக்கு உடனே உறுப்பினர் பட்டியலோடு எழுத்துபூர்வ ஆட்சேபம் போக வேண்டும். கையெழுத்தான பிறகு உடைப்பது மிகக் கடினம்.

சமரசம் நடக்கும்போது நிர்வாகம் வேலை நிபந்தனையை மாற்றக்கூடாது. தகராறோடு சம்பந்தப்பட்ட காரணத்துக்காக நீக்குவதானால் முன் அனுமதி, வேறு காரணத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். சஸ்பென்ஷனில் இருப்பவருக்குத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பிழைப்பூதியம்: முதல் 90 நாள் 50 சதவீதம், 180 நாள் வரை 75, அதற்கு மேல் முழுச் சம்பளம். 181-ஆம் நாளுக்கு முன் உள்விசாரணையை அவசரமாக முடிப்பது எதற்கென்று இதிலிருந்து புரியும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. 51 சதவீத உறுப்பினர் உள்ள சங்கம் பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் 51 இல்லையென்றால் 20 சதவீதம் உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு. அங்கீகாரத்துக்கு ஒரு சட்டப் பிடி கிடைத்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் 14 நாள் நோட்டீஸ் இல்லாமல் எந்த ஆலையிலும் வேலைநிறுத்தம் கூடாது, சமரசம் நடக்கும்போதும் முடிந்து 7 நாள் வரையும் கூடாது. நோட்டீஸ் கொடுத்ததும் சமரசம் தொடங்கிவிடும் என்றால் சட்டப்படி நிறுத்த நாளே இல்லாமல் போகிறது. பாதிப் பேர் ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான்.

இரண்டாம்ஷிஃப்ட்:

அப்படியானால் திடீர் உள்ளிருப்பு இனி யாரும் செய்யவே கூடாது என்கிறீர்களா? இந்த வட்டாரத்தில் கேட்டதில் பாதி உள்ளிருப்பில்தான் கிடைத்தது.

லேபர்கோர்ட்:

செய்வதா வேண்டாமா என்பது சங்கம் எடுக்க வேண்டிய முடிவு. விலையைச் சொல்கிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நோட்டீஸ் இல்லாமல் வேலையை நிறுத்தினால், வேலை ஒப்பந்தத்தில் நோட்டீஸ் நிபந்தனை இருக்கும் பட்சத்தில், எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். பழைய ஊதியச் சட்டத்தில் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஒரு மணி நேர உள்ளிருப்புக்கு எட்டு நாள் போகலாம். ஆக ஒவ்வொரு உள்ளிருப்பும் முடியும் ஒப்பந்தத்தில் "சம்பளப் பிடித்தம் இல்லை, பழிவாங்கல் இல்லை, வழக்குகள் வாபஸ்" என்று மூன்றும் எழுத்தில் வர வேண்டும். வாய்மொழி உறுதியோடு வெளியே வந்தவர்களுக்கு மறுநாள் காலை கேட்டிலேயே சஸ்பென்ஷன் ஆர்டர் காத்திருக்கும்.

மானேசரை நினைவில் வையுங்கள். 2011 ஜூனில் 13 நாள் உள்ளிருப்பு. ஆகஸ்ட் 29 அன்று நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே என்று கேட்டில் நிறுத்தி, 33 நாள் இழுத்தார்கள். அக்டோபரில் மூன்றாம் முறை. அதன் பிறகு 30 முன்னணி ஆட்கள் பணம் வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். 2012-இல் சங்கம் பதிவானது, ஆனால் பேச்சு நகரவில்லை. ஜூலை 18 அன்று ஒரு சஸ்பென்ஷன் தகராறு கலவரமாகி, மனிதவளப் பொது மேலாளர் அவனீஷ் குமார் தேவ் தீயில் உயிரிழந்தார். எந்தக் கோரிக்கையாலும் நியாயப்படுத்த முடியாத மரணம் அது. 148 பேர் கைது, 546 நிரந்தரத் தொழிலாளர் நீக்கம், அவர்களோடு சுமார் 1,800 கான்ட்ராக்ட் ஆட்களும் போனார்கள். 2017 மார்ச்சில் 13 பேருக்கு ஆயுள் தண்டனை, 117 பேர் விடுதலை. குற்றமற்றவர் என்று விடுதலையானவர்களில் பலர் ஜாமீன் கூட இல்லாமல் வருஷக்கணக்கில் சிறையில் இருந்தவர்கள். ஒரு தகராறைச் சரியான நேரத்தில் மேசையில் தீர்க்காததற்கு இரண்டு பக்கமும் கொடுத்த விலை இது.

மறைமலை:

மூடல் பற்றியும் ஒரு வரி வேண்டும். ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாகச் சொன்னது. சென்னை ஆலைத் தொழிலாளர் 2022 மே கடைசியில் இழப்பீட்டுக்காக வேலையை நிறுத்தினார்கள், ஜூலையில் உற்பத்தி முடிந்தது. சட்டத்தின் அடித்தளம் ஒரு வருஷ சர்வீஸுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். நிறுவனம் கடைசியில் பேசியது வருஷத்துக்கு 100 நாளுக்கும் மேல். வித்தியாசத்தைப் பாருங்கள்: மாதம் 40,000, 20 வருஷ சர்வீஸ் என்றால் 15 நாள் கணக்கில் 4 லட்சம், 100 நாள் கணக்கில் 26 லட்சத்துக்கு மேல். சட்டம் தருவது தரைதான், மற்றதெல்லாம் பேரம். பேரத்தில் "நாள்" எத்தனை என்பதைவிட எந்தச் சம்பளத்தின் நாள் என்று முதலில் கேளுங்கள். பேசிக்கா, கிராஸா? இரண்டுக்கும் நடுவே பாதிப் பணம் காணாமல் போகும். சட்டப்படியான ஆட்குறைப்பு இழப்பீட்டில் வருமான வரி விலக்கு 5 லட்சம் வரைதான், எனவே வரியை யார் ஏற்பது என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

புதிய தொகுப்பில் மூடலுக்கு அரசு அனுமதி தேவைப்படும் அளவு 100 ஆளிலிருந்து 300 ஆளாக ஏறியிருக்கிறது. பெரிய கார் கம்பெனிக்கு அதனால் மாற்றமில்லை. சுற்றியுள்ள சப்ளையர் ஷெட்டுகள்தான் அனுமதி கேட்காமலே மூட முடியும்.

வல்லக்கோட்டை:

மேசையில் உட்கார்ந்து நல்லபடி முடிந்ததையும் சொல்லலாமே. ஹூண்டாயில் 2025 செப்டம்பரில் மூன்று வருஷ ஒப்பந்தம், மாதம் 31,000 ரூபாய் உயர்வு, வருஷ வாரியாக 55:25:20 விகிதம்.

லைன்பேலன்ஸ்:

நல்ல உதாரணம். அந்த விகிதத்தை விரித்தால் முதல் வருஷம் 17,050, இரண்டாம் வருஷம் 7,750, மூன்றாம் வருஷம் 6,200. முதல் வருஷத்தில் பாதிக்கு மேல் வருவது தொழிலாளிக்கு நல்லது. 2024 ஏப்ரலிலிருந்து கணக்கு என்பதால் நிலுவையும் உண்டு. ஆனால் இந்த உயர்வு யாருக்கு? நிரந்தரத் தொழிலாளருக்கு. பக்கத்து ஸ்டேஷனில் நிற்கும் கான்ட்ராக்ட் ஆளும் டிரெய்னியும் இந்தக் கணக்கிலேயே இல்லை. பெர்மனென்ட் சம்பளம் ஏற ஏற, புது பெர்மனென்ட் எடுக்காமல் இருப்பதற்கான காரணமும் ஏறுகிறது. ஆகவே சம்பள ஒப்பந்தத்திலேயே "ஒவ்வொரு வருஷமும் இத்தனை பேர் நிரந்தரம்" என்ற எண் வராவிட்டால், மூன்று ஒப்பந்தம் கழித்துச் சங்கத்தில் ஆளே குறைந்திருப்பார்கள்.

கோரிக்கை சாசனத்தில் லைன் வேகத்தை எப்படி எழுதுவது என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு இங்கேயே எழுதுகிறேன். "வேகத்தைக் குறைக்க வேண்டும்" என்று எழுதினால் வெறும் வாசகமாக நின்றுவிடும். இப்படி எழுதலாம்: டாக்ட் மாற்றம் நடைமுறைக்கு வரும் 15 நாளுக்கு முன் ஸ்டேஷன் வாரியான வேலை நேரத் தாள் சங்கத்துக்குத் தரப்பட வேண்டும்; எந்த ஸ்டேஷனிலும் எடையிட்ட சராசரிச் சுமை (எந்த மாடல் எத்தனை வருகிறது என்பதைச் சேர்த்துப் போட்ட சராசரி) டாக்டில் 93 சதவீதத்தைத் தாண்டக்கூடாது; உயர் மாடல் இரண்டுக்கு மேல் தொடர்ந்து வரக்கூடாது; 8 பேருக்கு ஒரு ரிலீஃப் ஆள், அவரை ஸ்டேஷனில் நிறுத்தினால் அந்த ஷிஃப்டின் திட்டம் அதே விகிதத்தில் குறைய வேண்டும்; தகராறு வந்தால் இரு தரப்பும் சேர்ந்து குறைந்தது 20 சுழற்சி அளக்க வேண்டும், அதில் இரவு ஷிஃப்டின் கடைசி ஒரு மணி நேரமும் இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையைத்தான் நிர்வாகம் முதலில் வெட்டப் பார்க்கும். காலை எட்டரை மணிக்கு, டீ குடித்துவிட்டு வந்த நல்ல கையை நிறுத்தி அளந்தால் 56 நொடி 51 ஆகத்தான் தெரியும். விடாதீர்கள்.

ஒரகடம்_டிரெய்னி:

20 சுழற்சியையும் வீடியோ எடுக்கலாமா சார்? போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்களே.

லைன்பேலன்ஸ்:

சொந்தப் போனில் எடுக்காதே தம்பி, அதையே காரணமாக வைத்து ஷோகாஸ் நோட்டீஸ் கொடுப்பார்கள். ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் எஞ்சினியரிங்) டிபார்ட்மென்ட் தன் கேமராவில் எடுக்கட்டும். அதன் நகலும், இரு தரப்பும் கையெழுத்திட்ட அளவுத் தாளும் சங்கத்துக்கு அன்றைக்கே தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைக்க வேண்டும். தாளில் ஸ்டேஷன் எண், மாடல், வேரியன்ட், ஆபரேட்டர் எத்தனை மாத அனுபவம் என்ற நாலு கட்டமும் நிரம்பியிருந்தால்தான் கையெழுத்துப் போடுங்கள்.